சிகுர் ரோஸ் சிடி: நான்காவது பாட்டுக்குப் பிறகு சத்தம் வரவில்லை

மூர் மார்க்கெட்டில் வாங்கிய, ஐஸ்லாந்து இசைக்குழுவான சிகுர் ரோஸின் சிடியில் நான்காவது பாட்டுக்குப் பிறகு சத்தம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சிடியில் பழுதில்லை. நான்காவது பாட்டுக்கும் ஐந்தாவது பாட்டுக்கும் நடுவே வருவது குழுவே வைத்த 36 நொடி மௌனம். 2002இல் வந்த இந்த ஆல்பத்தை அது இரண்டாகப் பிரிக்கிறது: முன் நான்கில் கொஞ்சம் வெளிச்சம், பின் நான்கில் இருட்டு. தொடக்கத்திலும் முடிவிலும் கேட்கும் 'டிக்' என்ற கரகரப்பும் பதிவிலேயே உள்ளதுதான். மூர் மார்க்கெட் கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

பாட்டுகளுக்குப் பெயர் இல்லை, உள்தாள்கள் வெறுமையாக இருக்கின்றன என்றும் எழுதியிருந்தீர்கள். அச்சுப் பிழை அல்ல. ஆல்பத்தின் பெயரே இரண்டு அடைப்புக்குறிகள்தான்! பாடுவதும் ஐஸ்லாந்து மொழி அல்ல, பொருளற்ற ஒலிகள். அதற்கு அர்த்தம் தேடி ஓர் இரவை வீணாக்கியவன் நான்.

சந்தேகம் தீர, மௌனத்தின்போது பிளேயரில் நேரம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் சரி. ஒரே எண்ணில் நின்றாலோ, வேறு பாட்டின் நடுவில் தாவினாலோ கீறலாகவோ அழுக்காகவோ இருக்கலாம். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம்.

எல்லா சிடிகளும் தாவினால் மட்டும் பிளேயரின் லென்ஸைச் சந்தேகிக்கலாம். சென்னையின் தூசியும் ஈரக்காற்றும் அதைச் சும்மா விடுவதில்லை.