ஸ்காட்லாந்து ஆண்கள் கில்ட்டை எப்போதெல்லாம் அணிகிறார்கள்?

கில்ட் என்பது இடுப்பிலிருந்து முழங்கால் வரை வரும், மடிப்புகள் வைத்துத் தைத்த, கட்டம் போட்ட பாவாடை போன்ற உடை. ஸ்காட்லாந்துக்காரர்கள் அன்றாடம் அதை அணிகிறார்களா என்ற கேள்விக்கு, இல்லை என்பதே நேரான விடை. எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் பெரும்பாலான ஆண்கள் கால்சட்டை அணிந்துதான் வேலைக்குச் செல்கிறார்கள்.

கில்ட்டை மிகுதியாகக் காணக்கூடிய இடம் திருமண வீடு. மணமகன், தோழர்கள், இரு வீட்டுத் தந்தையர் எனப் பலரும் அதை அணிந்து நிற்பது அழகான காட்சி. முழுக் கம்பளியில் தைத்த கில்ட்டுக்கு ஏறத்தாழ 8 கெஜம் துணி தேவைப்படுவதாலும், பின்புற மடிப்புகளைக் கட்டங்களின் வரிசை குலையாதபடி கையால் தைக்க வேண்டியிருப்பதாலும் அதன் விலை அதிகம். ஆகவே முன்புறம் தொங்கும் பை, முழங்கால் வரையிலான காலுறை, வலது காலுறையில் செருகும் சிறு கத்தி ஆகியவற்றுடன் முழு உடையையும் வாடகைக்கு எடுப்பவர்கள் ஏராளம்.

ஜனவரி 25 அன்று கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் நினைவு விருந்து, நவம்பர் 30 அன்று ஸ்காட்லாந்தின் காவல் புனிதரான ஆண்ட்ரூவின் நாள், பட்டமளிப்பு விழா, ஹைலாந்து எனப்படும் வடக்கு மலைப்பகுதியின் மரபு விளையாட்டுகள் ஆகியவற்றிலும் கில்ட் உண்டு. கால்பந்து ரசிகர்களோ அதைத் தேசிய அணியின் ஜெர்சியோடும் கனத்த பூட்ஸோடும் சேர்த்து அணிகிறார்கள்.

அன்றாட உடை விழா உடையானதில் வரலாற்றுக்கும் பங்குண்டு. ஸ்டூவர்ட் அரச குடும்பத்தை மீண்டும் அரியணை ஏற்ற முயன்ற ஜாக்கோபைட் கிளர்ச்சியை ஒடுக்கிய பிரிட்டிஷ் அரசு 1746இல் இயற்றிய சட்டம், படைவீரர்களைத் தவிர மற்ற ஆண்கள் ஹைலாந்து உடை அணிவதைத் தடைசெய்தது. 1782இல் தடை நீங்கியது; 1822இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் ஏற்பாட்டில் நடந்த வரவேற்பில் மன்னரே கில்ட் அணிந்தார்.