“மாமா” என்று மட்டும் சொன்ன சிறுவன்: குழந்தைக் கடத்தல் குறித்த கேள்வி-பதில்

கேள்வி: பீகாரிலிருந்து சென்னை வரும் ரயிலில் ஒரே ஆளுடன் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் ஏழு பேர் வந்தார்கள். மனத்துக்குச் சரியாகப் படவில்லை. ஆதாரம் இல்லாமல் எப்படிப் புகார் சொல்வது என்று பேசாமல் இறங்கிவிட்டேன்.

பதில்: ஆதாரம் திரட்டுவது காவல்துறையின் வேலை, நீங்கள் கண்டதைச் சொன்னால் போதும். சிறுவர்களின் டிக்கெட்டும் ஆதார் அட்டையும் அந்த ஆளின் பையிலேயே இருப்பது, எதைக் கேட்டாலும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டே பிள்ளைகள் வாய் திறப்பது, போகும் ஊரின் பெயர் அவர்களுக்குத் தெரியாமல் இருப்பது ஆகியவற்றில் எதுவும் தனித்து நின்று குற்றத்தை நிரூபிக்காது என்றாலும், சேர்ந்து தென்படும்போது அழைத்துச் சொல்லத் தயங்கக் கூடாது. நான் குழந்தைகள் நலக்குழுவில் (மீட்கப்பட்ட குழந்தைகளின் பாதுகாப்பு குறித்து முடிவெடுக்கும் மாவட்ட அமைப்பு) இருந்தபோது, முறுக்குப் பட்டறைக்காக அழைத்துவரப்பட்ட சிறுவன் ஒருவனிடம் உடன் வந்தவர் யார் என்று கேட்டேன். “மாமா” என்றான். மாமாவின் பெயரைக் கேட்டாலும் ஊரைக் கேட்டாலும் அதே “மாமா”தான். அவனுடன் வந்த எல்லாருடைய ஆதாரிலும் பிறந்த நாள் ஜனவரி 1 என்றிருந்தது. வயதை முடிவு செய்ய இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு பள்ளிச் சான்றிதழையும், அது இல்லாதபோது உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றிதழையும், இரண்டும் இல்லாதபோது மருத்துவப் பரிசோதனையையும் கேட்கிறது. ஆதார் அந்த வரிசையில் இல்லை.

அழைக்க வேண்டிய எண்கள்: ரயிலுக்குள் என்றால் 139, வெளியே என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, உடனடி ஆபத்து என்றால் 112. ரயில் எண், பெட்டி, இருக்கை எண், பிள்ளைகளின் எண்ணிக்கை, அடுத்து நிற்கும் நிலையம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். அந்த ஆளிடம் நேரில் போய் விசாரிக்காதீர்கள். சந்தேகம் வந்தால் அடுத்த நிறுத்தத்திலேயே பிள்ளைகளோடு இறங்கிவிடுவார். சிறுவர்களின் படத்தை வாட்ஸ்அப்பில் பரப்புவதும் கூடாது. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம்.

கேள்வி: எங்கள் வயலில் கிடை போட (எருவுக்காக இரவில் ஆடுகளை அடைத்து வைக்க) வந்தவரிடம் பத்து வயதுப் பையன் ஒருவன் ஆடு மேய்க்கிறான். அவன் தகப்பனே பணம் வாங்கிக்கொண்டு விட்டுப்போனதாகச் சொல்கிறார்கள். பெற்றோர் சம்மதித்தபின் இது கடத்தல் ஆகுமா?

பதில்: ஆகும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு, சுரண்டுவதற்காக ஒருவரைப் பணம் கொடுத்துப் பெறுவதைக் கடத்தல் என்கிறது. பாதிக்கப்பட்டவரின் சம்மதத்துக்கே அங்கே மதிப்பில்லை எனும்போது தகப்பனின் சம்மதம் எம்மாத்திரம்! பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் குறைந்தது பத்தாண்டுச் சிறை. (கிடைக்காரர்கள் எல்லாரும் இப்படி என்று சொல்ல வரவில்லை, முன்பணம் கொடுத்துப் பிள்ளையை வாங்கும் வழக்கத்தைத்தான் சொல்கிறேன்.) 1098-க்குச் சொல்வதோடு வருவாய்க் கோட்டாட்சியருக்கும் எழுதுங்கள். கொத்தடிமை என்று உறுதியானால் அவர் தரும் விடுதலைச் சான்றிதழ் இல்லாமல் மறுவாழ்வுத் தொகை கைக்கு வராது. மீட்டவுடன் பையனைத் தகப்பனிடமே ஒப்படைத்துவிடுவதை நான் பலமுறை எதிர்த்திருக்கிறேன். முதலில் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவின் முன் அவனை நிறுத்த வேண்டும்.

கேள்வி: மருத்துவமனையில் வேலை பார்ப்பவர் ஒருவர், “வேண்டாத குழந்தை, செலவுக்கு மட்டும் கொடுத்தால் போதும்” என்கிறார். இது தத்து ஆகாதா?

பதில்: ஆகாது, விலைக்கு வாங்குவதுதான். 2019-இல் ராசிபுரத்தில் முன்னாள் செவிலியர் ஒருவர் ஆண், பெண், நிறம் என்று பார்த்து விலை பேசிய தொலைபேசி உரையாடல் வெளியானது நினைவிருக்கும். குழந்தையை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஐந்தாண்டு வரை சிறையும் ஒரு லட்ச ரூபாய் அபராதமும் உண்டு. மருத்துவமனைப் பணியாளர் என்றால் மூன்று முதல் ஏழாண்டு. குழந்தையை வளர்க்க இயலாத தாய் குழந்தைகள் நலக்குழுவிடம் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற அவருக்கு இரண்டு மாத அவகாசம் இருக்கிறது. தத்து வேண்டுவோர் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தில் பதிவு செய்து காத்திருக்க வேண்டும்.

கேள்வி: வளர்ப்புப் பராமரிப்பில் (தத்து இல்லாமல் குழந்தையை வீட்டில் வைத்து வளர்க்கும் ஏற்பாடு) 14 வயதுப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. இட்லியைத் துணியில் சுற்றித் தலையணைக்கடியில் வைக்கிறாள். இரவில் செருப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படுக்கிறாள். நடந்ததைக் கேட்டால் எழுந்து போய்விடுகிறாள்.

பதில்: கேட்காதீர்கள், அம்மா. காவலர், மருத்துவர், நலக்குழு, நீதிபதி என்று ஏற்கெனவே பலரிடம் சொல்லி ஓய்ந்தவள் அவள். அடுத்த வேளைச் சோறு நிச்சயமில்லாத இடத்தில் இருந்த பிள்ளைக்கு இட்லியை ஒளிப்பது திருட்டு அன்று, முன்யோசனை. அவள் கைக்கெட்டும் அலமாரித் தட்டில் ஒரு டப்பா நிறையப் பொரியோ பிஸ்கட்டோ வைத்து, “இது உனக்கு, கேட்காமலே எடுத்துக்கொள்” என்று ஒருமுறை மட்டும் சொல்லிவிடுங்கள். செருப்பும் அங்கேயே இருக்கட்டும்; ஓட வழி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் தூங்குகிறாள். அறைக்குள் நுழையுமுன் கதவைத் தட்டுங்கள். தானாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் வாயில் சொல்லை எடுத்துக்கொடுத்தால் பின்னால் சாட்சியத்துக்கும் ஊறு வரும்.

வழக்கு போக்சோ சட்டத்தில் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) இருந்தால், அவளுக்குத் துணையாக ஓர் ஆதரவு நபரை நலக்குழுவிடம் கேட்டுப் பெறுங்கள். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் அவள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நீதிமன்றத்தின் கடமை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞரைத் தரும். இழப்பீட்டுக்கும் அங்கேயே மனுச் செய்யலாம். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. வந்து சேரவில்லை என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

கேள்வி: மீட்கப்பட்டு இல்லத்தில் வளரும் எங்கள் ஊர்ப் பையனுக்கு அடுத்த ஆண்டு 18 முடிகிறது. அன்றே வெளியேற்றிவிடுவார்களா?

பதில்: அப்படி விட்டுவிடக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு பிற்காப்பு உதவிக்கு, அதாவது இல்லத்தை விட்டு வெளியேறிய பின் தரும் உதவிக்கு, வழி செய்கிறது. 21 வயது வரை தங்குமிடம், படிப்பு, தொழிற்பயிற்சி, மாத உதவித்தொகை ஆகியவற்றைக் கோரலாம். பிறந்த நாள் வரும்வரை காத்திராமல் இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம், விடுதலைச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப் பிரதிகள் இல்லத்தின் பீரோவில் இருந்தால், அவன் பெயருக்குக் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளட்டும்.