இணையவழி மனநல ஆலோசனை: பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: எனக்கு வயது 33. ஈரோட்டில் வசிக்கிறேன், வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதும் வேலை. வீட்டுப்பாடம் செய்ய வைக்கும் நேரத்தில் எட்டு வயது மகனிடம் கத்துகிறேன், சில நாட்கள் அடித்தும் விடுகிறேன். அவன் தூங்கிய பிறகு அழுகிறேன். “இதற்கெல்லாம் எதற்குக் கவுன்சலிங்?” என்கிறார் கணவர். முகநூல் விளம்பரத்தைப் பார்த்து ஒரு நிறுவனத்தில் பெயர் கொடுத்தேன். 12 அமர்வுகளுக்கு 14,400 ரூபாய் என்றார்கள்; முன்பணம் 1,000 ரூபாய் கட்டிவிட்டேன். மீதியைக் கட்டலாமா? வீடியோவில் பேசுவதால் பயன் உண்டா? மாமியார் காதில் விழாமல் எப்படிப் பேசுவது?

பதில்: மீதியைக் கட்ட வேண்டாம். ஆனால் ஆலோசனை பெறும் எண்ணத்தைக் கைவிடவும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் உள்ள சிக்கல், அதாவது பிள்ளையிடம் பொறுமை இழப்பதும் பிறகு குற்ற உணர்ச்சியில் வாடுவதும், வீடியோ வழியாகப் பேசித் தீர்க்கக்கூடிய வகையைச் சேர்ந்ததுதான். இதற்காக வேலையை விட்டுக் கோவைக்குப் பேருந்து ஏற வேண்டிய அவசியம் இல்லை.

முறையாகப் படித்த ஒருவர் முதல் அமர்விலேயே உங்களுக்கு அறிவுரை வழங்கத் தொடங்க மாட்டார். எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், மாலையில் எதையாவது சாப்பிட்டுவிட்டுத்தான் மகனோடு உட்காருகிறீர்களா, கத்துவதற்கு அரை மணி நேரம் முன்பு வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பார். ஒரு வாரத்துக்கு அதை நோட்டில் எழுதிவரச் சொல்வார். அப்படி எழுதியவர்களின் நோட்டைப் பார்த்தால், கோபம் பெரும்பாலும் ஒரே வேளையில்தான் வருகிறது. அலுவலகக் கணக்கை முடிக்காமல் மூடி வைத்துவிட்டு எழுந்த நாட்களில்தான் வருகிறது. கணிதப் புத்தகம் அதற்கு ஒரு சாக்கு மட்டுமே என்பது அவர்களுக்கே விளங்கிவிடும். தைராய்டு, இரத்தசோகை ஆகியவற்றுக்கான பரிசோதனைகளையும் செய்துகொள்ளச் சொல்வார். இவை எதையும் விசாரிக்காமல், “உங்கள் ஆழ்மனதில் ஒரு தடை இருக்கிறது” என்று முதல் நாளே தீர்ப்புச் சொல்பவரிடம் இரண்டாம் நாள் போகாதீர்கள்.

இனி அந்த பேக்கேஜ். உங்களோடு தொலைபேசியில் பேசியவர் ஆலோசகர் அல்லர். ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் பெறும் விற்பனையாளராகத்தான் பெரும்பாலும் இருப்பார். “24,000 ரூபாய் பேக்கேஜ், இன்றிரவு 12 மணிக்குள் கட்டினால் 14,400” என்று வாட்ஸப்பில் அனுப்புவதும், தயங்கினால் “குழந்தையின் எதிர்காலத்தைவிடப் பணமா மேடம் பெரிது?” என்று கேட்பதும் அவருடைய தொழில். குற்ற உணர்ச்சியோடு இருக்கும் தாயைப் போல எளிதில் மடங்கும் வாடிக்கையாளர் வேறு யாரும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். உங்களை ஒரு முறைகூடப் பார்க்காத ஒருவருக்கு, உங்களுக்குப் பன்னிரண்டு அமர்வுகள் தேவை என்று எப்படித் தெரிந்தது? சிலருக்கு நான்கே போதும். சிலருக்கு இருபதும் போதாது. ஒவ்வோர் அமர்வுக்கும் தனித்தனியாகப் பணம் செலுத்துங்கள். அதற்கு ஒப்பாத இடம் உங்களுக்கான இடம் அல்ல.

அடுத்து, திரையில் தோன்றப்போகிறவர் யார் என்று கேளுங்கள். ‘மருத்துவ உளவியலாளர்’ என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும், சி.ஆர்.ஆர். எண் என்று ஒன்று அவருக்கு இருக்கும். அதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம், ஆர்.சி.ஐ. இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். பதிவு இல்லாமல் இத்தொழிலைச் செய்பவருக்கு 1992ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கும் தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்களிடம் ஓர் அமர்வுக்குக் கேட்கப்பட்ட 1,200 ரூபாயைவிட அந்த அபராதம் குறைவு! முப்பது ஆண்டுகளைக் கடந்த இந்தத் தொகையைத் திருத்த வேண்டும் என்று ஆட்சியில் இருந்த எவருக்கும் தோன்றவில்லை.

இங்கே ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் நல்லவர்களையும் நீங்கள் ஒதுக்கிவிடக்கூடும். சி.ஆர்.ஆர். எண் இல்லாதவர்கள் எல்லோரும் போலிகள் அல்லர். உளவியலில் எம்.எஸ்ஸி. அல்லது ஆலோசனை உளவியலில் முதுகலை முடித்தவர்கள், மனநலப் பிரிவில் பயிற்சி பெற்ற எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) பட்டதாரிகள் ஆகியோர் ‘ஆலோசகர்’ என்ற பெயரில் நேர்மையாகப் பணியாற்றுகிறார்கள். உங்களுடையதைப் போன்ற அன்றாட மனச்சுமைக்கு அவர்களே போதும். அவர்களுக்கு அந்த எண் கிடைக்காததற்குக் காரணம், ஆர்.சி.ஐ. இத்தகைய பொது ஆலோசகர்களைப் பதிவு செய்வதில்லை என்பதுதான். ஆலோசகர்களையும் உள்ளடக்கிய தனிச் சட்டம் 2021இல் வந்தது. ஆனால் நீங்கள் இணையத்தில் பெயரைத் தட்டிச் சரிபார்க்கும் பதிவேடாக அது கைக்கு வந்து சேர்வதற்குள் உங்கள் மகன் கல்லூரிக்குப் போய்விடுவானோ என்னவோ. அதுவரை இத்தகையவரிடம் மூன்றைக் கேளுங்கள்: எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த முதுகலைப் பட்டம், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி, தம்மால் இயலாத நிலையில் எந்த மனநல மருத்துவரிடம் அனுப்புவார். மூன்றாவது கேள்விக்கு உடனே பெயர் சொல்பவரை நம்பலாம். மூன்று நாள் பயிலரங்கில் சான்றிதழ் வாங்கிய ‘லைஃப் கோச்’ அந்தக் கேள்விக்கு நெளிவார். மாத்திரை பரிந்துரைக்கும் உரிமை மருத்துவருக்கு மட்டுமே உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாமியார் பற்றிய கவலை நியாயமானது. இயர்போன் போட்டாலும் நீங்கள் பேசுவது வெளியே கேட்கும். அவர் கோயிலுக்கோ நடைப்பயிற்சிக்கோ போகும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லையேல் மொட்டை மாடி, நிறுத்தி வைத்த கார் என எதுவும் பாதகமில்லை. முதல் நிமிடத்திலேயே “யாராவது வந்தால் பேச்சை மாற்றுவேன்” என்று ஆலோசகரிடம் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு இது பழக்கமான ஏற்பாடு. தட்டச்சு செய்து உரையாடும் ‘சாட்’ ஆலோசனையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எதிர்முனையில் இருப்பவர் யார் என்பதே தெரியாது, நீங்கள் எழுதியதெல்லாம் எங்கோ சேமிக்கப்பட்டிருக்கும்.

விளம்பரத்தோடு வரும் ‘இலவச மன அழுத்தத் தேர்வு’களும் அப்படியே. பெட்டர்ஹெல்ப் என்ற பெரிய இணையவழி ஆலோசனை நிறுவனம், தன்னை நம்பிப் பயனர்கள் தந்த விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்றவற்றிடம் பகிர்ந்ததாகக் கூறி, அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023இல் 78 லட்சம் டாலர் செலுத்த வைத்தது. அங்கேயே அந்தக் கதி என்றால், முகநூல் வழியாக உங்களைத் தேடி வந்த நிறுவனத்தைப் பற்றி நான் தனியே சொல்ல வேண்டியதில்லை.

பணம் செலவழிப்பதற்கு முன் 14416 என்ற எண்ணை அழைத்துப் பாருங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் டெலி-மானஸ் சேவை அது. இரவு பகலாக, கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். ஒவ்வொரு முறையும் அதே ஆலோசகர் கிடைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என்பதால் நீண்ட காலத் தொடர் ஆலோசனைக்கு அது மாற்றாகாது. ஆனால் உங்களுக்குத் தேவைப்படுவது ஆலோசகரா மருத்துவரா என்று தெளிவுபடுத்திக்கொள்ள நல்ல வழி. அடி கைமீறிப் பிள்ளைக்குக் காயம் ஏற்பட்டிருந்தாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு முறையேனும் தலைகாட்டியிருந்தாலோ, வீடியோவுக்காகக் காத்திருக்காமல் அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரில் செல்லுங்கள்.

கட்டிய ஆயிரம் ரூபாயை விட்டுவிடாதீர்கள். சேவை எதையும் பெறவில்லை, தொகையைத் திருப்பித் தாருங்கள் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள்; வாய்ப்பேச்சு வேண்டாம். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். இதற்கிடையில் அந்த விற்பனையாளர் மறுபடியும் அழைத்து, “மேடம், உங்களுக்காக இன்னும் இரண்டாயிரம் குறைத்திருக்கிறோம்” என்பார். எடுக்காதீர்கள்.