ஐந்து நகம் இருந்தால் மட்டும் போதாது

வணக்கம். அடியில் சுவாந்தே என்ற சீனப் பேரரசரின் முத்திரை, உடலில் ஐந்து நக டிராகன். இந்த நீல வெள்ளைக் கிண்ணம் சீனாவின் மிங் வம்ச அரண்மனைப் பொருள்தானா என்று கேட்டிருந்தீர்கள். முத்திரையை நம்பி விலை பேசிவிடாதீர்கள். சுவாந்தே ஆட்சி 1426 முதல் 1435 வரைதான். அந்தப் பெயரைப் பிற்காலத்தில், காங்ஷி என்ற பேரரசரின் ஆட்சியிலும் அதற்குப் பின்னரும், தாராளமாக எழுதினார்கள்.

ஐந்து நகம் பேரரசருக்கு உரியது என்பது விதி. ஆனால் அது எப்போதும் கறாராகக் காக்கப்படவில்லை. நகங்களைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அரண்மனைப் பாத்திரங்கள் சிலவற்றில் ஐந்தாவது நகத்தைப் பின்னர் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் மெருகு, அதாவது கண்ணாடி போன்ற மேற்பூச்சு, மங்கியிருக்கும். அப்படி ஒரு தழும்பு இருந்தால் எனக்கு ஆர்வம் கூடும்.

அதைவிட நீலம்தான் முக்கியம். 15ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சீனப் பீங்கான் நகரமான ஜிங்டெஜென்னின் சூளைகளில் பயன்பட்ட இறக்குமதிக் கோபால்ட்டில், அதாவது நீல நிறம் தரும் கனிமத்தில், இரும்பு அதிகம். நிறம் திரண்ட இடங்களில் கரும்புள்ளிகள் மெருகுக்குள் தாறுமாறாக இறங்கியிருக்கும். பிற்கால நகல்களில் அதே புள்ளிகளைத் தூரிகையால் வேண்டுமென்றே வைத்தார்கள். வரிசையாக, அழகாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடிவளையத்தையும் டிராகனின் ஒரு பாதத்தையும் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் படமெடுத்துப் போடுங்கள். அதுவரை சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டாம்.