தகரத்துக்குக் கீழே பஞ்சு போடலாமா?

கேள்வி: எங்கள் வீடு 20க்கு 15 அடி. தகரக் கூரை, சீலிங் இல்லை. தை மாதக் குளிரில் விடியற்காலையில் மெத்தைமேல் தண்ணீர் சொட்டுகிறது. சீட்டுக்காசு வரப்போகிறது. கண்ணாடிப் பஞ்சு (சூடு கடத்தாத கண்ணாடி இழை விரிப்பு) போட எவ்வளவு ஒதுக்கலாம்?
– வாசகி, ஹட்டன்

பதில்: தங்கச்சி, மழையில்லாத விடியலில் தகரத்தின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். பரவலாக ஈரம் இருந்தால் அது ஒழுக்கு இல்லை. அடுப்பு ஆவியும் மூச்சுக்காற்றும் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகின்றன. ஆணிக்கெல்லாம் தார் பூசச் சொல்லும் கூரைவேலை பாஸைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்!

தட்டையான சீலிங் என்றால் 300 சதுர அடி. வெட்டுக்கழிவுக்குப் பத்து வீதம் சேர்த்து 330. பஞ்சின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். சட்டம், சீலிங் தகடு, கூலி என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். காசு அங்கேதான் கரையும். பஞ்சுக்குக் கீழே, அறைப் பக்கமாக, பொலித்தீன் விரிப்பது கட்டாயம். இல்லாவிட்டால் ஆவி மேலேறிப் பஞ்சு நனைந்து வீணாகும். பஞ்சுக்கும் தகரத்துக்கும் நடுவே காற்றோட்டம் விடுங்கள். காசு போதாதா? சரி, படுக்கையறையை மட்டும் முதலில் முடியுங்கள். அடுப்படிப் புகைபோக்கியை மட்டும் அடைத்துவிடாதீர்கள். கூலியை நாள்கணக்கில் பேசாமல் மொத்தமாகப் பேசுங்கள்.