கழன்று விழுந்த பாடிகிட்: அட்ஜஸ்டரிடம் என்ன சொல்வது?

பினாங்கு பாயான் லெப்பாசிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான். தன் மைவி காருக்கு 1,900 ரிங்கிட் கொடுத்துத் தாழ்வான பாடிகிட் (அழகுக்காக பம்பரோடு சேர்த்துப் பூட்டும் பாகங்கள்) போட்டார், ஸ்பிரிங்கையும் இறக்கினார். அடுக்குமாடி வாசலிலுள்ள வேகத்தடையில் முன் லிப் (முன் பம்பரின் அடியில் பூட்டும் கிட்டின் துண்டு) சில தடவை உரசியது. போன மாதம் துன் டாக்டர் லிம் சொங் இயூ நெடுஞ்சாலையில் அது கழன்று விழ, பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. "வண்டியைக் கொண்டு வா, மிச்சத்தையும் கழற்றிப் பழைய மாதிரி ஆக்கித் தருகிறேன், கிட் பற்றி அட்ஜஸ்டரிடம் மூச்சு விடாதே" என்கிறாராம் பட்டறைக்காரர். (அட்ஜஸ்டர் என்பவர் சேதத்தைப் பார்வையிடக் காப்புறுதி நிறுவனம் அனுப்பும் ஆள்.) பட்டறை மீதும் அடுக்குமாடி நிர்வாகம் மீதும் வழக்குப் போடலாமா என்று கேட்கிறார்.

நிர்வாகத்தை விட்டுவிடுங்கள். மற்ற கார்களெல்லாம் ஏறி இறங்கும் மேடு அது. பட்டறைக்காரர் சிரித்ததும், சிபாரிசு செய்த மச்சான் இப்போது போனை எடுக்காததும் என்று நீங்கள் எழுதியதெல்லாம் உங்களுக்கு வலிக்கும், புரிகிறது. வழக்குக்கு அவை உதவாது. நான்கு பக்கத்திலும் நான் தேடியது ஒரு தேதி, அது மட்டும் இல்லை. கிட் போட்டது காப்புறுதியைப் புதுப்பிப்பதற்கு முன்பா, பின்பா?

முன்பு என்றால், வண்டியில் மாற்றம் உண்டா என்று காப்புறுதி நிறுவனம் கேட்டபோது என்ன பதில் கொடுத்தீர்கள் என்பதுதான் கேள்வி. கவனக்குறைவாகத் தவறான பதில் கொடுப்பது வேறு, தெரிந்தே கொடுப்பது வேறு. 2013 நிதிச் சேவைகள் சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. பின்பு என்றால், பாலிசியில் மாற்றங்களைத் தெரிவிக்கச் சொல்லும் நிபந்தனை இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் படியுங்கள்.

காயம்பட்டவர் விஷயத்தில், 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி மூன்றாம் தரப்பினரின் காயத்துக்குக் காப்புறுதி கட்டாயம். உங்கள் வண்டியின் நிலையைக் காரணம் காட்டி நிறுவனம் அவரைக் கைவிட முடியாது. ஆனால் அப்படிக் கொடுத்த பணத்தை உங்களிடமே திருப்பிக் கேட்க அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. பல பேர் இதை அறியாமல் "இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்" என்று இருந்துவிடுகிறார்கள்.

இனி, என்னிடம் வந்தவர்கள் திரும்பத் திரும்ப விழுந்த குழியைச் சொல்கிறேன். கிட்டைக் கழற்றிவிட்டு "ஒரிஜினல் பம்பர்தான்" என்று அட்ஜஸ்டரிடம் சொல்வது. பம்பரின் அடியில் விரலை ஓட்டினாலே போதும்: புது ஸ்க்ரூ துளைகள், இரட்டைப் பக்க டேப்பின் பிசுபிசுப்பு. அப்புறம் நீங்களே ஃபேஸ்புக்கில் போட்ட படம். தெரிவிக்காமல் விட்டது ஒரு பாலிசித் தகராறு. அதை நியாயமாக வாதாடலாம், நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் புகாரும் செய்யலாம். பொய் வாக்குமூலம் கொடுத்தால் அது ஏமாற்று வேலையாகிவிடும், பிறகு வாதாட என் கையில் ஒன்றும் இருக்காது. போலீஸ் புகாரில் எழுதியதையே அட்ஜஸ்டரிடமும் சொல்லுங்கள். காயம்பட்டவரைப் போய்ப் பாருங்கள், அது மனிதத்தன்மை. ஆனால் "எல்லாம் என் தப்பு, நான் கட்டுகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். காப்புறுதி நிறுவனத்தின் அனுமதியில்லாமல் பொறுப்பை ஏற்பது பாலிசிக்கு எதிரானது.

பட்டறையோடு சமரசமாகப் போங்கள் என்பேன். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை. ஆனால் மேட்டில் உரசியதை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள், அவர் அதையே பிடித்துக்கொள்வார். கூலியும் கிட் விலையும் திரும்ப வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பணம் தரும்போது அவர் நீட்டும் தாளில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்துப் போடாதீர்கள். நாளை மணிக்கட்டுக்கான தொகை உங்கள் தலையில் விழுந்தால், லிப்பைச் சரியாகப் பூட்டாத பங்குக்கு அவரை இழுக்க வேண்டிவரும். பணம் பெறுவது கிட்டுக்கும் கூலிக்கும் மட்டுமே என்று எழுதச் சொல்லுங்கள்.

அதற்கு உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்த உடைந்த லிப். ஸ்க்ரூ பிய்ந்த ஓரம் தெரியப் படம் எடுத்து, வீட்டிலேயே வையுங்கள். அட்ஜஸ்டர் வந்து பார்க்கும்வரை வண்டியைப் பட்டறைக்கு அனுப்பாதீர்கள்.