கண்ணாடி அலுமாரியில் வைத்த சேலை

வணக்கம் அண்ணை,

உயர்தரத்துக்குப் பிறகு தம்பி என்ன படிக்கலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்க, போன சனிக்கிழமை நீங்களும் அவனும் வந்துவிட்டுப் போன பிறகு, சொல்லாமல் விட்ட கதைகள் நெஞ்சுக்குள் கிடந்து குடைகின்றன. வெளியில் அடுத்த பிள்ளை தாயோடு காத்திருந்தாள். அதைவிட, மகனுக்கு முன்னால் தகப்பனை மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். நீங்களும் கடை பூட்டிய பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

"மார்க்கட்டிங் எண்டுறான், கிரிக்கெட் எண்டுறான், மீடியா எண்டுறான். இதெல்லாம் ஒரு படிப்போ? வாயாலை வடை சுடுற வேலை" என்றீர்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அதற்குக் கொஞ்சம் முன்னர்தான், தேத்தண்ணி குடித்துக்கொண்டே உங்கள் புறக்கோட்டைக் கடைக் கதை ஒன்றைச் சொன்னீர்கள். ஒரே பொதியில் வந்த இரண்டு சேலை. ஒன்றை வாசலில் குவியலோடு போட்டால் 1500 ரூபாய்க்கும் பேரம் பேசுவார்கள். மற்றதைக் கண்ணாடி அலுமாரிக்குள் மஞ்சள் விளக்கின் கீழ் விரித்துவிட்டால், 4000 கொடுத்து "வடிவான சீலை" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். நூலும் அதே, சாயமும் அதே.

அண்ணை, தம்பி படிக்க ஆசைப்படுவது அந்த இடையில் நிற்கிற 2500 ரூபாயைப் பற்றித்தான். அது எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நாள் நிற்கும், எப்போது நியாயம், எப்போது களவு. அவன் உயர்தரத்தில் படித்த கணக்கீட்டிலேயே இதற்கு ஒரு பெயர் உண்டு: நன்மதிப்பு. பங்குடைமைக்குப் புதுப் பங்காளி வரும்போது அதற்கென்று ஒரு தொகை எழுதுவார்கள். கணக்காளர்கூட அந்தத் தொகையைப் பதியத்தான் முடியும். அதை உண்டாக்குகிறவன் வேறு ஆள்.

இதை ஆய்வுகூடத்தில் வைத்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கல்டெக், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 20 பேருக்கு வைன் கொடுத்து ஒரு சோதனை செய்தார்கள்; முடிவு 2008 இல் வெளிவந்தது. (வைன் என்றதும் முகம் சுளிக்காதீர்கள், விஷயம் வைன் இல்லை.) ஒரே வைனை ஒருதரம் 10 டொலர் என்றும் இன்னொரு தரம் 90 டொலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்று சொன்னபோது "இது நல்லாயிருக்கு" என்றார்கள். முகஸ்துதிக்குச் சொன்னதாகவும் தள்ள முடியாது. மூளையைப் படமெடுத்துப் பார்த்ததில், இன்பத்தை உணர்கிற பகுதியே கூடுதலாக வேலை செய்திருக்கிறது. அதாவது உங்கள் கடையில் 4000 கொடுத்த அக்கா ஏமாந்தா என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. அவ அந்தச் சேலையைக் கட்டும்போது உண்மையாகவே கூடச் சந்தோஷப்பட்டிருப்பா.

மறுபக்கமும் உண்டு. 1985 ஏப்ரலில் கொக்கா கோலா கம்பனி தன் பழைய சுவையை மாற்றியது. சுமார் 2 இலட்சம் பேருக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்து, புதியதுதான் பிடித்திருக்கிறது என்று உறுதிப்படுத்திய பிறகுதான் மாற்றினார்கள். சனம் கொதித்தது. 79 நாளில் பழையதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நாக்கில் வென்றது மனதில் தோற்றுப்போனது.

சரி, எங்கள் ஊருக்கு வருவோம். தேயிலை. 1883 முதல் கொழும்பில் தேயிலை ஏலம் நடக்கிறது. 2020 இல் கொரோனாவோடு அதுவும் இணையத்துக்குப் போய்விட்டது. கடையில் பக்கற்றைப் பார்த்து "ஒரேஞ்ச் பீக்கோ, நல்ல தரம்" என்று நாங்கள் வாங்குகிறோம் அல்லவா? அந்தப் பெயர் தோடம்பழத்தையும் சொல்லவில்லை, தரத்தையும் சொல்லவில்லை. ஓ.பி. (ஒரேஞ்ச் பீக்கோ), பி.ஓ.பி. (உடைந்த ஒரேஞ்ச் பீக்கோ), டஸ்ட் எல்லாம் தூளின் அளவைச் சொல்கிற பெயர்கள். அரித்தெடுக்கிற சல்லடையின் கண் எவ்வளவு பெரிது என்பதுதான் விஷயம். டஸ்ட் என்றால் குப்பை என்று நினைக்கிறோம், நல்ல தோட்டத்து டஸ்ட் நல்ல சாயம் தரும். தரத்தைச் சொல்வது ஏலத்துக்கு முன் வரிசையாகக் கிண்ணங்களை வைத்து, கரண்டியால் சத்தத்தோடு உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்புகிறாரே, அந்த மனிதர். அதுவும் கொழும்பில் ஒரு தொழில்தான். எங்கள் பிள்ளைகளில் அநேகம் பேருக்கு அப்படியொரு வேலை இருப்பதே தெரியாது. கொழுந்து பறித்தது எங்கள் சனம், ஆனால் அந்தக் கிண்ணங்களுக்கு முன்னால் எங்களில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று சில நேரம் யோசிப்பேன்.

தேயிலைக் கதையில் இன்னொரு துண்டு இருக்கிறது. எங்கள் தூள் மூட்டை மூட்டையாக வெளிநாட்டுக்குப் போய், வேறு நாட்டுத் தூளோடு கலந்து, வேறு யாருடையவோ பெயரில் விற்கப்பட்டது. தரம் எங்களுடையது, மதிப்பு அவர்களுடையது. மெரில் ஜே. பெர்னாண்டோ என்ற மனிதர் இங்கேயே பொதி செய்து, டில்ஹான், மாலிக் என்ற தன் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் சேர்த்து டில்மா என்று பெயர் வைத்து வெளியில் விற்றார். அவர் வாயால் வடை சுடவில்லை. சுவை பார்க்கத் தெரிந்தவர், தரம் எது என்று தன் நாக்கால் அறிந்தவர், அதற்குரிய மதிப்பை வாங்கப் போராடினார். இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையும் அதே வேலையைத்தான் செய்கிறது. நூற்றுக்கு நூறு இலங்கைத் தேயிலையாக, இங்கேயே பொதி செய்யப்பட்டதாக, சபையின் தரக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதாக இருந்தால்தான் அதைப் போடலாம்.

ஆகவே இந்தத் தொழிலில் இரண்டு வகை ஆட்கள். தரம் இருந்தும் மதிப்புக் கிடைக்காததைத் தூக்கி நிறுத்துகிறவர்கள் ஒரு வகை. தரமே இல்லாததற்கு விளக்குப் போடுகிறவர்கள் மற்ற வகை. உங்கள் பயம் இரண்டாவதைப் பற்றியது. அந்தப் பயம் நியாயமானது, நான் மறுக்கவில்லை.

விளையாட்டுக்கு வருகிறேன். தம்பி இதில்தான் கூடத் தடுமாறுகிறான். அவுஸ்திரேலிய வேகப் பந்துவீச்சாளர் மிச்செல் ஸ்டார்க்கை 2023 டிசம்பர் ஐ.பி.எல். கிரிக்கெட் ஏலத்தில் கொல்கத்தா அணி 24.75 கோடி இந்திய ரூபாய்க்கு எடுத்தது. அடுத்த வருஷம் இறுதிப் போட்டியில் ஆட்ட நாயகன் அவர்தான், கிண்ணமும் கொல்கத்தாவுக்கு. ஆனால் 2024 நவம்பர் ஏலத்தில் டெல்லி அவரை வாங்கியது 11.75 கோடிக்கு. கை அதே கை. முதலாவது சிறு ஏலம், நல்ல வேகப் பந்துவீச்சாளர்கள் குறைவு, கையில் காசு வைத்திருந்த அணிகள் முட்டிக்கொண்டன. இரண்டாவது பெரிய ஏலம், ஆட்கள் நிறைய. தீபாவளிக்கு முதல் கிழமை உங்கள் கடையில் நடப்பதும், தீபாவளி முடிந்த அடுத்த கிழமை நடப்பதும் இதுதானே.

எங்கள் பெண்கள் அணி 2024 ஜூலை 28 ஆம் திகதி தம்புள்ளையில் இந்தியாவை 8 விக்கெட்டால் வென்று ஆசியக் கிண்ணத்தைத் தூக்கியது. அன்றைக்கு உங்கள் கடையில் யாராவது அதைப் பற்றிக் கதைத்தார்களா? தம்பியைக் கேட்டேன், அணித்தலைவி சமரி அத்தபத்துவைத் தவிர மூன்றாவது பெயரில் சிக்கிவிட்டான். ஆண்கள் அணியில் பதினைந்து பேரையும் மூச்சுவிடாமல் சொல்கிறான். தரம் இருக்கிறது, மதிப்பு வரவில்லை. விளையாட்டு முகாமைத்துவம் படித்தவனுக்கு வேலை இருப்பது அங்கேதான்: அனுசரணை தேடுவது, ஆட்டத்தின் தரவுகளை அலசுவது, பார்க்கிறவர்களைச் சேர்ப்பது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்திலும் சப்ரகமுவவிலும் விளையாட்டு விஞ்ஞானமும் முகாமைத்துவமும் என்ற துறையில் பட்டம் இருக்கிறது. தம்பியின் பாடங்களுக்குப் பொருந்துமா, செய்முறைப் பரீட்சை உண்டா என்பதை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பார்த்துவிட்டே முடிவெடுங்கள். கிரிக்கெட் பார்க்கப் பிடிக்கும் என்பது இதற்கு ஒரு தகுதியே இல்லை. அதை நான் அவனுக்கு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன், கோபித்துக்கொண்டானோ தெரியாது.

ஊடகத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அவனுக்கு அதில் மனம் பாதிதான். ஒன்று மட்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடைத் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு உங்கள் தொலைபேசிக்கு எத்தனை செய்தி வந்திருக்கும்? அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கும் அளவுக்கு வதந்தி பறந்தது. வேறு நாட்களில் "அதிர்ச்சித் தகவல்" என்ற தலைப்பைத் தட்டிப் பார்க்கிற நாங்கள், அன்றைக்கு மட்டும் நம்பிக்கையான ஒரு குரலைத் தேடினோம். தட்டுகிற விரலின் எண்ணிக்கைதான் விளம்பரக் காசைக் கொண்டுவருகிறது, நம்பிக்கை அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. அதனால் இந்தத் துறையில் தொடக்கச் சம்பளம் குறைவு, தமிழில் இன்னும் குறைவு. ஒளிக்க மாட்டேன். அப்படியும் விருப்பமென்றால் கொழும்பில் இலங்கை இதழியல் கல்லூரி இருக்கிறது, தமிழிலும் டிப்ளோமா செய்யலாம்.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. சேலைக்குப் பொருந்துகிற அதே கதை படிப்புக்கும் பொருந்தும். "வெட்டுப்புள்ளி குறைஞ்ச கோர்ஸ், தரம் குறைஞ்சது" என்றீர்கள். ஒரு பாடநெறிக்குக் கடைசியாக எடுபட்ட பிள்ளையின் புள்ளிதான் வெட்டுப்புள்ளி. அது ஒரு விலை, அண்ணை. எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை இடம் இருந்தது என்பதை மட்டுமே அது சொல்லும். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டம் என்று எடுக்கிறார்கள். அதனால் ஒரே மண்டபத்தில் ஒரே விரிவுரையைக் கேட்கிற கொழும்புப் பிள்ளையும் முல்லைத்தீவுப் பிள்ளையும் வேறு வேறு வெட்டுப்புள்ளியால் உள்ளே வந்தவர்கள். வெட்டுப்புள்ளிதான் தரம் என்றால் அந்த விரிவுரைக்கு இரண்டு தரமா?

தம்பியின் இசட் புள்ளிக்கு (உயர்தரப் பெறுபேற்றிலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்காகக் கணக்கிடுகிற புள்ளி) ஜயவர்தனபுரத்திலோ களனியிலோ முகாமைத்துவ பீடம் கிடைத்தால் விடாதீர்கள். இரண்டிலும் சந்தைப்படுத்தல் துறை இருக்கிறது. யாழ்ப்பாணம் கிடைத்தாலும் "ஊருக்கு ஏன் திரும்பிப் போவான்" என்று தள்ளாதீர்கள். கிடைக்காவிட்டால் காலி வீதியில் நிற்கிற கண்ணாடிக் கட்டடங்கள் உங்களைக் கூப்பிடும். நானும் ஒருகாலத்தில் அப்படியொரு கட்டடத்தின் குளிரூட்டியையும் வரவேற்பறைச் சோபாவையும் பார்த்து அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் காசு கட்டியவன். இரண்டு வருஷத்தில் கட்டடம் வேறு ஆளின் கைக்குப் போனது, சான்றிதழை எங்கே காட்டினாலும் "இது என்ன" என்றார்கள். செட்டியார் தெருவில் நகை வாங்கும்போது உரைகல்லில் உரைத்துப் பார்க்காமல் எழும்புவீர்களா? இங்கேயும் உரையுங்கள். பட்டம் தருவது யார், அந்தக் கட்டடமா, வெளிநாட்டுப் பல்கலைக்கழகமா? உள்ளூர் நிறுவனம் என்றால் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவில் பட்டம் வழங்க அனுமதி பெற்றதா, எந்தப் பட்டத்துக்குப் பெற்றது? வெளிநாடு என்றால் மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா? பதிலை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னால் அதுதான் நீங்கள் சொன்ன வடை.

தம்பியைச் சீ.ஏ., அதாவது பட்டயக் கணக்காளர் படிப்புக்கு அனுப்புகிற உங்கள் யோசனை கெட்டது இல்லை. ஆனால் மூன்று தரம் கேட்டும் தம்பி அதைப் பற்றி ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை, சேலையைப் பற்றி நீங்கள் சொன்னபோது மட்டும் தலையை நிமிர்த்தி, "ஏன் மஞ்சள் லைட், வெள்ளை லைட் போட்டால் விற்காதோ?" என்று கேட்டான். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அப்போது தொலைபேசியில் இருந்தீர்கள்.

அதனால் காசு கட்ட முதல் ஒரு காரியம் செய்யுங்கள். இரண்டு கிழமைக்கு அவனைக் கடையில் நிறுத்துங்கள், காசுப் பெட்டியில் வேண்டாம். கையில் ஒரு கொப்பியைக் கொடுத்து, வருகிறவர்கள் முதலில் எதைத் தொடுகிறார்கள், எந்தச் சொல்லில் முகம் மாறுகிறது, வாங்காமல் போகிறவர்கள் எந்த இடத்தில் திரும்பினார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். லைட்டையும் ஒரு நாள் மாற்றிப் பார்க்கட்டும், நட்டம் வந்தால் என் கணக்கில் போடுங்கள். மூன்றாம் நாளே சலித்துவிட்டால் எனக்குச் சொல்லுங்கள், சீ.ஏ. பற்றித் திரும்ப யோசிப்போம். கொப்பி நிரம்பினால் அதோடு கூட்டிக்கொண்டு வாருங்கள். பத்து மணிக்குப் பிறகு வருவது நல்லது, அதற்கு முதல் வெள்ளவத்தையில் வாகனம் நிறுத்த இடம் இருக்காது.